அலர்ஜி ஊசி: அரை மணி நேர பெஞ்சில் கேட்ட கேள்விகள்

மூக்கு, நெஞ்சு அலர்ஜிக்கு ஊசி போடும் ஒரு சின்ன கிளினிக்கில் பல வருடம் நர்ஸாக இருந்தேன். ஊசி போட்டவர்களை அரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைப்போம். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் அந்த நேரத்தில் என்னிடம் கேட்பார்கள். ஒரே கேள்வியை வாரத்துக்கு நாலு பேர் கேட்டதால், எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. தூசி, மகரந்தம், பூஞ்சை, கரப்பான் போன்றவற்றால் வரும் தும்மல், மூக்கடைப்பு, வீசிங் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. சாப்பாட்டு அலர்ஜிக்கு இந்த ஊசி போடுவதில்லை.

"போன மாசம் உடம்பெல்லாம் தடிப்பு வந்தப்ப தெருமுனை டாக்டர் அலர்ஜி ஊசி போட்டாரே, அதுதானே இது?"

இல்லை. அது பெரும்பாலும் அவில் என்ற அரிப்பு மருந்தாகவோ டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டாகவோ இருந்திருக்கும். வந்த அலர்ஜியை அப்போதைக்கு அடக்கும், அவ்வளவுதான். இங்கே போடுவது, உங்களுக்கு எது ஆகவில்லையோ அதிலிருந்தே எடுத்த சாறு. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத மைட் பூச்சி, சீமைக் கருவேல மகரந்தம் போன்றவை. மிகவும் நீர்த்த மருந்தில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஊசியாக மெல்ல ஏற்றி, 3 முதல் 6 மாதத்தில் ஒரு நிலையான அளவுக்கு வருவோம். அதன் பிறகு மாதம் ஒன்று என்று 3 முதல் 5 வருடம் போகும். அதற்குள் உடம்பு அந்தப் பொருளோடு சண்டை போடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

ஏதோ நேற்று வந்த வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் என்பவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்து 1911-ல் எழுதினார். அளவாகப் போட்டால் அலர்ஜி குறைகிறது, அளவு மீறினாலோ அடிக்கடி போட்டாலோ கூடுகிறது என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. நூன் 1913-ல் காசநோயில் இறந்துபோனார். கூட இருந்த ஜான் ஃப்ரீமன் வேலையைத் தொடர்ந்தார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கா சிஸ்டர்? உண்மையைச் சொல்லுங்க."

கலப்பதில்லை. அலர்ஜிப் பொருளின் சாறு, உப்பு நீர், கெடாமல் இருக்கக் கொஞ்சம் ஃபீனால், சிலவற்றில் கிளிசரின் இருக்கும். மெல்ல உறிஞ்சப்பட வேண்டும் என்று அலுமினிய உப்போடு சேர்த்துத் தயாரிக்கும் வகையும் உண்டு. பல தடுப்பூசிகளிலும் அதே அலுமினிய உப்புதான் இருக்கிறது.

இந்தச் சந்தேகம் வருவதில் தப்பில்லை. "ஒரே ஊசி, மூணு மாசத்துக்குத் தும்மல் வராது" என்று போடுகிறார்களே, அது நாள்பட வேலை செய்யும் ஸ்டீராய்டு. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் சர்க்கரை, எலும்பு எல்லாம் பாதிக்கும். முதல் நாளே யாராவது "இதோட எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னால், மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அலர்ஜி சாறு ஊசி ஒரே நாளில் யாருக்கும் சுகம் தராது.

"எனக்கு ஆகாததையே எனக்குள்ள ஏத்துறீங்க. அது ஆபத்து இல்லையா?"

ஆபத்து உண்டு. அது இல்லவே இல்லை என்று சொல்கிற இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த ஆபத்துக்காகத்தான் கடைசியில் போடப்போகும் மருந்தை ஆயிரம் மடங்கோ பத்தாயிரம் மடங்கோ நீர்த்துத் தொடங்குகிறோம்.

எவ்வளவு ஆபத்து என்று பார்க்கலாம். ஊசி போட்ட இடத்தில் அரிப்பும் வீக்கமும் மிகச் சாதாரணம். தடிப்பு, தும்மல், வீசிங் என்று உடம்பு முழுக்கத் தெரியும் ரியாக்‌ஷன், அமெரிக்கக் கணக்குப்படி ஏறக்குறைய ஆயிரம் தடவை வந்து போட்டால் ஒருமுறை. அதிலும் பெரும்பகுதி லேசானது. உயிர் போவது மிக மிக அரிது. 1990 முதல் 2001 வரை அங்கே எடுத்த கணக்கில் 25 லட்சம் ஊசிக்கு ஒன்று, அதற்குப் பிந்தைய கணக்குகளில் இன்னும் குறைவு. ஆனால் இது எல்லாருக்கும் சமமாகப் பங்கு பிரிந்த ஆபத்து கிடையாது. யாருக்குக் கூடுதல் என்பது ஆஸ்துமா கேள்வியில் வரும்.

"போன தடவை கை தேங்காய் மூடி மாதிரி வீங்கிடுச்சு. அடுத்த ஊசி போட்டா உயிருக்கே வந்துடுமா?"

கை வீக்கத்தை வைத்து அப்படி ஆரூடம் சொல்ல முடியாது. ஒரு தடவை பெரிதாக வீங்கியதால் அடுத்த ஊசியில் உடம்பு முழுக்க ரியாக்‌ஷன் வரும் என்று அர்த்தம் இல்லை. ஐஸ் வையுங்கள், அரிப்பு மாத்திரை ஒன்று போடுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும்.

ஆனால் மறைக்காதீர்கள். எவ்வளவு பெரிது, எத்தனை நாள் இருந்தது என்று அடுத்த முறை ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் பெரிதாக வீங்கினால் டாக்டர் அளவைக் கூட்டாமல் நிறுத்தி வைப்பார், அல்லது குறைப்பார். "சொன்னா அளவைக் குறைச்சு இன்னும் ரெண்டு மாசம் இழுப்பாங்க" என்று வாயைத் திறக்காமல் இருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஏன் அரை மணி நேரம் உட்கார வைக்கிறீங்க? பஸ் போயிடும்."

என்னிடம் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான். மோசமான ரியாக்‌ஷன்களில் பெரும்பாலானவை முதல் 30 நிமிடத்துக்குள் தொடங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் நீங்கள் பெஞ்சில் இருந்தால் எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் அதை அடக்கும் மருந்தைப் போட்டுவிடுவோம். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தால் கண்டக்டர் என்ன செய்வார்?

பிரிட்டனில் நடந்ததைச் சொன்னால் சிலர் உட்காருவார்கள். 1957-லிருந்து இந்த ஊசிகளால் 26 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 1986-ல் அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. அவசரத்துக்கு உயிர் காக்கும் வசதி இருக்கும் இடத்தில் மட்டும் போட வேண்டும், போட்டபின் 2 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிறகு 1994-ல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் 30 நிமிடம், நம் ஊரிலும் பெரும்பாலும் அதுவே. "ஒண்ணும் ஆனதில்ல" என்பதும் காப்பாற்றாது. நாற்பது ஊசி சாதாரணமாகப் போய் நாற்பத்தொன்றாவதில் ரியாக்‌ஷன் வரலாம்.

"வீட்டுக்குப் போன பிறகு வராதா?"

வரலாம். உடம்பு முழுக்க வரும் ரியாக்‌ஷன்களில் ஏறக்குறைய 15 சதவீதம் அரை மணி நேரம் தாண்டி வருகிறது. பெரும்பாலும் லேசாக இருக்கும், எப்போதும் அல்ல. அதனால் ஊசி போட்ட நாளில் மதியத்துக்கு மேல் தனியாக ஊருக்குப் பயணம் போவது, வேண்டாம். போட்டவுடன் ஜிம், ஓட்டம், கால்பந்து வேண்டாம், முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள். சனிக்கிழமை ஊசி போட்டுக்கொண்டு நேரே போய் எண்ணெய் தேய்த்துச் சுடச்சுடக் குளிப்பதும் அந்தக் கணக்குதான். உடம்பு சூடேறினால் ரத்த ஓட்டம் கூடி மருந்து வேகமாக ஏறும்.

"என்ன மாதிரி இருந்தா உடனே உங்ககிட்ட சொல்லணும்?"

உள்ளங்கை, உள்ளங்கால், தலை அரிக்கத் தொடங்கினால். அடுக்குத் தும்மல் வந்தால். தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருந்து திரும்பத் திரும்பச் செருமினால். இருமல், நெஞ்சு இறுக்கம், குரல் மாற்றம், வயிற்றைப் பிசைவது, தலைசுற்றல். சிலர் "என்னமோ பண்ணுது சிஸ்டர், பயமா இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள். அதையும் நாங்கள் விளையாட்டாக எடுப்பதில்லை.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். ஒரு கல்லூரிப் பையன் அப்படிப் போனான். கதவைத் தட்டிவிட்டுத் தள்ளித் திறந்தபோது முகமெல்லாம் வீங்கி நின்றான். நல்லவேளை, தாழ்ப்பாள் போடவில்லை.

"அதுக்கு அட்ரினலினா? அது ஹார்ட்டுக்குப் போடுறதாச்சே! அவில் மட்டும் போடுங்க."

சினிமாவில் நெஞ்சில் குத்துவதைப் பார்த்த பயம் இது. கடும் ரியாக்‌ஷனை அடக்க நாங்கள் அட்ரினலின் போடுவது தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவர்களுக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம். கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பிறகு அடங்கிவிடும். தேவைப்பட்டால் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் இன்னொன்று.

அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். விழும் பிபியை அது தூக்காது, இறுகும் மூச்சுக்குழாயைத் திறக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கு ஆகும். இந்த ஊசியால் நடந்த மரணங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய ஒரு காரணம், அட்ரினலின் போடாமல் விட்டது அல்லது தாமதமாகப் போட்டது. அதைப் போட்ட பிறகும் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். சிலருக்கு அடங்கியது திரும்ப வரும்.

"எனக்கு ஆஸ்துமா இருக்கு. போடலாமா, கூடாதா?"

கட்டுக்குள் இருந்தால் போடலாம். ஆஸ்துமாக்காரர்கள் பலருக்கு, முக்கியமாக மைட் அலர்ஜி உள்ளவர்களுக்கு, நல்ல பலனும் கிடைக்கிறது. கட்டுக்குள் இல்லாவிட்டால் கூடாது. மேலே சொன்ன பிரிட்டன் கணக்கில், எதற்காக ஊசி போட்டார்கள் என்ற விவரம் 17 பேருக்குக் கிடைத்தது. அதில் 16 பேர் ஆஸ்துமாவுக்காகப் போட்டவர்கள். அமெரிக்க மரணங்களிலும் கட்டுப்படாத ஆஸ்துமாதான் முன்னால் நிற்கிறது. ஏற்கெனவே சுருங்கியிருக்கும் மூச்சுக்குழாய் ரியாக்‌ஷனில் இன்னும் இறுகினால் மீட்பது கஷ்டம்.

அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொல்கிறோம், ராத்திரி இருமினீர்களா, வீசிங் வந்தால் எடுக்கும் நீல நிற பஃப் எத்தனை தடவை எடுத்தீர்கள் என்று நச்சரிக்கிறோம். நுரையீரல் ஊதும் திறன் இருக்க வேண்டிய அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகத் தொடங்குவதில்லை.

"வீசிங் சரியாகணும்னுதானே ஊசிக்கு வர்றேன்? வீசிங் இருக்குன்னு திருப்பி அனுப்புறீங்களே, இது என்ன நியாயம்?"

கேட்க முரணாகத்தான் இருக்கும். இந்த ஊசி வருடக்கணக்கில் வேலை செய்வது. இன்றைய வீசிங்கை இன்று நிறுத்தாது, ஆனால் கூட்டிவிடலாம். இன்றைய வீசிங்குக்கு இன்ஹேலர். அது அடங்கி, மூச்சு பழைய நிலைக்கு வந்தபின் ஊசி. காய்ச்சல், நெஞ்சுச் சளி இருக்கும் நாளுக்கும் இதே பதில். அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து திரும்பிப் போவது எரிச்சல்தான். காலையில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தால் அலைச்சல் மிச்சம்.

இன்னொரு பக்கம், ஊசி ஆரம்பித்ததும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்துமா கட்டு மீறுவதற்கு இதைவிட நேர்வழி கிடையாது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

"பிபி மாத்திரை சாப்பிடுறேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

எந்த மாத்திரை என்பதில் இருக்கிறது. அட்டெனலால், மெட்டோபுரோலால், புரோபுரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகை என்றால் சம்பந்தம் உண்டு. ரியாக்‌ஷன் வந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யவிடாமல் இவை தடுக்கும். பிபி இல்லாதவர்களும் ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் புரோபுரனலால் சாப்பிடுவதுண்டு, அவர்களிடம் "பிபி மாத்திரை உண்டா" என்று கேட்டால் இல்லை என்பார்கள்.

எல்லாரும் மறப்பது கண் சொட்டு மருந்து. கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலாலும் அதே வகைதான். அதனால் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், இதய டாக்டரும் அலர்ஜி டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

"கர்ப்பமா இருக்கேன். நிறுத்தணுமா?"

ஏற்கெனவே நிலையான அளவில் பிரச்சினையில்லாமல் போய்க்கொண்டிருந்தால் தொடரலாம், அளவைக் கூட்டுவதில்லை. புதிதாகத் தொடங்குவதில்லை. காரணம் மருந்து குழந்தையைக் கெடுக்கும் என்பதல்ல. அம்மாவுக்குக் கடும் ரியாக்‌ஷன் வந்து பிபி விழுந்தால் குழந்தைக்கு ரத்தம் போவது குறையும். நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடன் சொல்லுங்கள், மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

"பையனுக்கு நாலு வயசு. இப்பவே போட்டா நல்லதா?"

பொதுவாக 5 வயதுக்கு மேல் பார்ப்போம். சின்னக் குழந்தைக்கு மருந்தே ஆகாது என்று இல்லை. "தொண்டை ஒரு மாதிரி இருக்கு" என்று அதற்குச் சொல்லத் தெரியாது, அழுகை ஊசி வலிக்கா ரியாக்‌ஷனுக்கா என்று நமக்கும் தெரியாது. வளர்ந்த பிள்ளைகளுக்குப் போடுவதில் ஒரு லாபம் உண்டு. மூக்கு அலர்ஜி மட்டும் இருந்த பிள்ளைகளுக்கு 3 வருடம் மகரந்த ஊசி போட்டுப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில், போடாதவர்களைவிடக் குறைவானவர்களுக்கே பின்னாளில் ஆஸ்துமா வந்தது.

"குப்பியைக் கொடுத்துடுங்க, வீட்டுப் பக்கத்து நர்ஸ்கிட்ட போட்டுக்கறேன்."

வேண்டாம். ஊசி குத்த யாருக்கும் தெரியும். தடிப்பும் மூச்சிரைப்பும் தொடங்கும்போது அட்ரினலின், ஆக்சிஜன், சலைன், அதைப் போடத் தெரிந்த டாக்டர், இவ்வளவும் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் கையில் வைத்துக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக் கடையில் எளிதில் கிடைப்பதும் இல்லை. உள்ளூர் டாக்டரிடம் போட்டே ஆகவேண்டிய நிலை என்றால், அவரும் உங்கள் அலர்ஜி டாக்டரும் நேரடியாகப் பேசி, அளவு அட்டவணை கைமாறி, மேலே சொன்னதெல்லாம் அங்கே இருக்க வேண்டும்.

குப்பியின் பயணமும் ஒரு தலைவலி. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. கரண்ட் போன ஃபிரிட்ஜில் கிடந்து வீரியம் குறைந்த மருந்தைப் போட்டுப் போட்டுப் பழகியவருக்கு, திடீரென்று நல்ல மருந்தை அதே அளவில் போட்டால் அது அளவு கூட்டியதற்குச் சமம்.

"கல்யாணம், காட்சின்னு ரெண்டு மாசம் விட்டுப்போச்சு. விட்ட இடத்துல இருந்து போடலாம்ல?"

கூடாது. எத்தனை நாள் விட்டீர்களோ அதற்கேற்ப அளவைக் குறைத்து மறுபடி ஏற்றுவோம். அதிக இடைவெளி என்றால் கிட்டத்தட்ட ஆரம்பத்திலிருந்து. புதுக் குப்பி உடைக்கும்போதும் கொஞ்சம் குறைத்தே தொடங்குவது வழக்கம், காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

அளவுத் தவறு என்பது நோயாளி பக்கம் மட்டும் நடப்பதில்லை. அடுத்தவர் குப்பியிலிருந்து எடுப்பது, நீர்த்த குப்பிக்குப் பதில் அடர்ந்த குப்பியை எடுப்பது எல்லாம் உலகம் முழுக்க நடந்திருக்கிறது. ஒருமுறை நானே ஒரே பெயருள்ள இரண்டு பேரின் குப்பிகளில் தவறானதைக் கையில் எடுத்துவிட்டேன். அந்தப் பெண்மணி "என் குப்பியில பச்சை மூடிதானே?" என்று கேட்டதால் தப்பித்தோம். அன்றிலிருந்து பெயர், பிறந்த தேதி இரண்டையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் மருந்தை இழுப்பேன். உங்கள் குப்பியை ஒருமுறை நீங்களும் பாருங்கள், எந்த நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் பாருங்கள்.

"நாக்குக்கு அடியில விடுற சொட்டு மருந்து இருக்காமே. அதுல பயமே இல்லையாமே?"

பயம் குறைவு என்று சொல்லலாம். வாய் அரிப்பு, உதடு லேசாக வீங்குவது முதல் சில நாட்கள் இருக்கும். கடும் ரியாக்‌ஷன் மிக அரிது, அதனால்தான் முதல் டோஸை டாக்டர் முன்னால் எடுத்துவிட்டு மீதியை வீட்டில் எடுக்க விடுகிறார்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இதுவும் கிடையாது. வாயில் புண் இருந்தாலோ பல் பிடுங்கியிருந்தாலோ ஆறும்வரை நிறுத்த வேண்டும். தினமும் எடுக்க வேண்டும் என்பதால் பாதியில் விடுகிறவர்கள் அதிகம்.

"பத்து வருஷம் கழிச்சு கேன்சர் கீன்சர்னு ஏதாவது வந்துடாதே?"

நூறு வருடத்துக்கு மேலாகப் போடுகிறார்கள். இதனால் புற்றுநோய் வருகிறது என்று காட்டும் ஆதாரம் இல்லை. ஏற்கெனவே புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கட்டுப்படாத இதய நோய், எதிர்ப்பு சக்தி சம்பந்தமான கடும் நோய் உள்ளவர்கள் விஷயத்தில் டாக்டர்கள் தயங்குவார்கள். இந்த ஊசியின் ஆபத்தெல்லாம் போட்ட அன்றைக்குத்தான்.

"எப்ப நிறுத்தலாம்?"

நன்றாக வேலை செய்கிறது என்றால் 3 வருடமாவது. 2 வருடம் போட்டு நிறுத்தியவர்களுக்குப் பலன் நிலைக்கவில்லை என்று புல் மகரந்த ஆய்வு ஒன்று காட்டியது. நிலையான அளவுக்கு வந்து ஒரு வருடம் ஆகியும் தும்மலும் மாத்திரையும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் பேசி நிறுத்துங்கள். பலன் இல்லாத ஊசியிலும் ரியாக்‌ஷன் வரும் வாய்ப்பு இருக்கிறது அல்லவா? அலர்ஜிப் பொருளைத் தோலில் வைத்துப் பார்க்கும் டெஸ்டில் பதினெட்டு பொருளுக்குத் தடித்தது என்பதற்காகப் பதினெட்டையும் கலந்து போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. தடித்தது எல்லாம் உங்களைத் தும்ம வைப்பதில்லை.

"நல்ல கிளினிக்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ஊசிக்கு முன்னால் மூச்சு எப்படி இருக்கிறது, புது மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா, போன முறை என்ன ஆனது என்று கேட்கிறார்களா பாருங்கள். கேட்காமல் கையைத் துடைத்தால் நீங்களே சொல்லுங்கள். அட்ரினலின் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எங்கள் அறையில் அது ஊசி மேசைக்குமேல் ஆணியில் மாட்டிய ஒரு டிபன் பாக்ஸில் இருந்தது, மாதம் முதல் தேதி காலாவதி பார்ப்போம். "பீரோவுல இருக்கும், சாவி டாக்டர்கிட்ட" என்று பதில் வந்தால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.